அண்ணனின் நண்பனின் வீடு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரிடமும் ‘பின்னம்’ என்றால் என்ன என்று கேட்கலாம். பதில் வரும். ‘விழுக்காடு’, ‘பரப்பளவு’, ‘தசமம்’, ‘கொள்ளளவு’ எல்லாவற்றுக்கும் வரும். ஐம்பது வயதுக்காரரிடம் கேட்டாலும் வரும். ஆனால் ‘சார்பு’ என்று கேட்டுப் பாருங்கள். “யாரைச் சார்ந்து?” என்பார்கள். அது கணிதத்தில் ஒரு சொல், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிற சொல் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறு வருடம் தமிழில் கணிதம் படிக்கிறோம். ஏழாவது வருடம் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது மலாய்க்கு மாறிவிடுகிறது. சார்பு என்ற விஷயத்தை ஒழுங்காகச் சந்திக்கும்போது நமக்குப் பதினாறு வயது. அப்போது அதன் பெயர் ‘ஃபுங்சி’. ஆக, எங்கள் தமிழ்க் கணிதம் பன்னிரண்டு வயதோடு நின்றுபோன கணிதம். அதற்குப் பிறகு எவ்வளவு படித்தாலும், பொறியியலாளரே ஆனாலும், அந்தப் படிப்புக்குத் தமிழில் பெயர் இல்லை.

என் வயதுக்காரர்களின் கதை இன்னும் கொஞ்சம் விசேஷம். நான் 1990-ல் பிறந்தவள். 2002-ல் ஆண்டு 6-ஐத் தமிழில் முடித்தேன். 2003-ல் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்க ஆரம்பித்தது. ஆண்டு 1, படிவம் 1, ஆறாம் படிவத்தின் கீழ் வகுப்பு என்று மூன்று இடத்திலும் ஒரே வருடத்தில். நாங்கள் படிவம் 1-ல் முதல் அணி. நவம்பரில் ‘முக்கோணம்’, ஜனவரியில் ‘ட்ரையாங்கள்’. ஆசிரியர் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு மலாயில் விளக்குவார் என்பதால் நடுவில் ‘செகி தீகா’வும் உண்டு. ஒரே மூன்று பக்கத்துக்கு மூன்று பெயர். 2009-ல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். படிப்படியாக மலாய் திரும்பி வந்தது. இப்போது சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் என்று ஆங்கிலமும் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு புகாராக எழுதவில்லை. என்னைவிடத் தெளிவாக இதைப் பற்றி வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சொற்கள் பன்னிரண்டு வயதோடு நின்றுவிடுகின்றன, சரி. மொழியும் அங்கேயே நின்றுவிடுகிறதா? ஒரு கணக்கு எனக்கு அதற்குப் பதில் சொன்னது. அதுவும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ‘தப்பாக’ப் போட்ட கணக்கு.

*

வார நாட்களில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. சனிக்கிழமை மாலை மட்டும் மாசாயில் என் வீட்டு வரவேற்பறையில் ஆறேழு பிள்ளைகளுக்கு மாத்தேமாத்திக் தம்பாஹான் சொல்லித்தருகிறேன். கூடுதல் கணிதம். பிள்ளைகள் ‘எட்மேத்ஸ்’ என்பார்கள். எஸ்.பி.எம் பாடங்களில் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிற பாடம் இது. பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்குப் போக நினைப்பவர்கள் இதை விட்டால், பிறகு சுற்றிச் சுற்றித்தான் போகவேண்டும்.

இந்த வருடம் வந்தவர்களில் ஒருத்தி படிவம் 4. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. அதிகாலை நாலு மணிக்கு மோட்டாரை எடுத்தால்தான் பாலத்து நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேரமுடியும். ஜொகூர் பாருவில் லட்சக்கணக்கான வீடுகளின் கதை இதுதான். அம்மா அவளைக் கொண்டுவந்து விட்டபோது வாசலில் நின்றபடியே சொன்னார்.

“டீச்சர், இவளுக்கு எட்மேத்ஸ் வேணாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. முத சாப்டர்லயே இப்படின்னா எப்படின்னு கேக்குறாங்க. ஜூன் பள்ளி விடுமுறைக்குள்ள முடிவு சொல்லணுமாம். இவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல.”

அவள் ஒன்றும் பேசவில்லை. ஸ்கூடாயில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பாளாம்.

முதல் அத்தியாயம் என்பது ஃபுங்சி. அதில் மூன்று பகுதி. ஃபுங்சி, ஃபுங்சி குபாஹான், ஃபுங்சி சொங்சாங். நடுவில் இருப்பதுதான் சார்புகளைச் சேர்ப்பது. ஒரு சார்பின் விடையை எடுத்து இன்னொரு சார்புக்குள் போடுவது. அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பத்துக் கணக்கு. ஒன்பதில் சிவப்புக் கோடு, ஒன்றில் மட்டும் சரி.

முதல் கணக்கு இப்படி. எஃப் என்றால் ‘3 கூட்டு’. ஜி என்றால் ‘வர்க்கமாக்கு’. எஃப்ஜி(5) என்ன? அவள் எழுதிய விடை 64. ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் எட்டு, எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு. புத்தகத்தின் விடை 28. ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து, அதோடு மூன்று இருபத்தெட்டு. எஃப்ஜி என்று எழுதியிருந்தாலும் முதலில் செய்யவேண்டியது ஜி. எக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

மற்ற எட்டுத் தவறுகளையும் பார்த்தேன். எல்லாம் ஒரே தவறு. கூட்டலில், பெருக்கலில், அடைப்புக்குறியில் எங்கும் பிசகில்லை. இடமிருந்து வலமாக, முதலில் கண்ணில் படும் சார்பை முதலில் செய்திருக்கிறாள். சரியாக வந்த அந்த ஒரு கணக்கில் ஒரு சார்பு ‘4 கூட்டு’, மற்றது ‘7 கூட்டு’. எந்த வரிசையில் போட்டாலும் அதே விடைதான். அங்கேயும் அவள் தன் வரிசையில்தான் போட்டிருக்கிறாள்.

கணக்கு வராத பிள்ளையின் தவறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இவளுடையது ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருந்தது. எந்த விதி என்றுதான் பார்க்கவேண்டியிருந்தது.

“ஏன் எஃப்-ஐ முதல்ல செஞ்ச?”

“முதல்ல அதுதானே இருக்கு டீச்சர். பின்னால இருந்து ஏன் வரணும்?”

நியாயமான கேள்வி. ‘ரூல் அப்படி’ என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பரீட்சை அறையில் பதற்றம் வரும்போது மனப்பாடம் முதலில் பறந்துவிடும். உள்ளே இருக்கும் பழைய வரிசை திரும்ப வந்துவிடும்.

*

அவளிடம் ஒரு தாளில் நான்கு மலாய்ச் சொற்களை எழுதிக் காட்டினேன். ‘ரூமா காவான் அபாங் சாயா.’ தமிழில் சொல்லச் சொன்னேன்.

“என் அண்ணனோட ஃப்ரெண்டோட வீடு.”

இரண்டையும் மேலும் கீழுமாக எழுதினோம். ரூமா என்றால் வீடு, காவான் என்றால் நண்பன், அபாங் என்றால் அண்ணன், சாயா என்றால் நான். மலாயில் வீடு, நண்பன், அண்ணன், நான். தமிழில் நான், அண்ணன், நண்பன், வீடு. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே தலைகீழ்.

தமிழில் நாம் இருக்கும் இடத்திலிருந்து கிளம்புகிறோம். என்னிடமிருந்து அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து நண்பனுக்கு, அங்கிருந்து அவன் வீட்டுக்கு. நடக்கிற வரிசையும் சொல்கிற வரிசையும் ஒன்றே. மலாய் போய்ச் சேர்ந்த இடத்தை முதலில் சொல்கிறது. பிறகு அங்கே எப்படி வந்தோம் என்று பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ‘நான்’ என்று முடிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வழியும் உண்டு. தமிழ்போல உடைமை உருபைப் பின்னால் ஒட்டிக்கொண்டும் போகலாம், நடுவில் ‘ஆஃப்’ போட்டு மலாய் போலவும் சொல்லலாம்.

எஃப்ஜி(எக்ஸ்) என்ற எழுத்து முறை ‘ரூமா காவான் அபாங் சாயா’ வகையைச் சேர்ந்தது. கடைசியில் இருக்கும் எக்ஸ்தான் ‘நான்’. பயணம் அங்கே ஆரம்பிக்கிறது. தமிழில் அதை வாசித்தால் ‘எக்ஸின் ஜியின் எஃப்’ என்று வரும். அவள் தாளில் இருந்த எஃப்ஜி-யை ஒரு தமிழ்ச் சொற்றொடரை வாசிப்பதுபோல் வாசித்திருக்கிறாள். முதலில் வருவதை முதலில் செய்திருக்கிறாள். ஒன்பது சிவப்புக் கோடுகளும் அந்த வரிசைக்குப் போட்டவை.

தமிழ்ச் சொற்களின் கட்டுமானமும் இதே பழக்கத்தைத்தான் பிள்ளைகளுக்குத் தருகிறது. ‘செய்’ என்பதில் தொடங்குகிறோம். பிறரைக் கொண்டு செய்யவைத்தால் ‘செய்வி’. அது செயப்பாட்டுவினை ஆனால் ‘செய்விக்கப்படு’. நடந்து முடிந்தால் ‘செய்விக்கப்பட்டது’. ஒவ்வொரு அடுக்கும் முந்தைய விடையை எடுத்து அதன் வலது பக்கத்தில் ஏதோ ஒட்டுகிறது. மலாயில் ஒட்டுகள் இடது பக்கமும் ஏறும். ‘பெசார்’ என்றால் பெரிய. முன்னால் ஒன்று ஏறினால் ‘பெர்பெசார்’, அதற்கும் முன்னால் இன்னொன்று ஏறினால் ‘மெம்பெர்பெசார்’. உள்ளே இருப்பது வலது கோடியில், கடைசியாகச் சேர்ந்தது இடது கோடியில். எஃப்ஜி(எக்ஸ்)-இன் முகஜாடை இதில் தெரிகிறது.

இதற்காக மலாய்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சுலபமாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். இடமிருந்து வலமாக வாசிக்கிற எல்லோருக்கும் முதலில் தெரிவதை முதலில் செய்யும் ஆசை இருக்கும். ஆனால் அவர்களிடம் ‘ரூமா காவான் அபாங் மாதிரி வாசி’ என்று ஒரு வரியில் காரணம் சொல்லிவிடலாம். தமிழ்ப் பிள்ளைக்கு அவளுடைய மொழி எதிர்த் திசையில் இழுக்கிறது. இழுப்பது எது என்று சொல்லிக்கொடுக்காமல் ‘கவனமாகச் செய்’ என்று மட்டும் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

இப்படி ஒரு எதிர்த் திசையை அவள் ஏற்கெனவே கடந்து வந்தவள் என்பதையும் காட்டினேன். பின்னம். மேலே மூன்று, கீழே நான்கு. மலாயில் ‘தீகா பெர் எம்பாட்’. மேலிருந்து கீழே வாசிக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ‘நான்கில் மூன்று’. கீழே இருப்பதை முதலில் சொல்கிறோம். முதலில் நாலாக வெட்டு, பிறகு மூன்றை எடு. எழுதும் முறை நம் பேச்சுக்கு எதிராக இருந்தும் எட்டு ஒன்பது வயதில் அதைப் பழகிக்கொண்டோம். யாரும் அதை ஒரு கஷ்டம் என்று சொல்லவில்லை. காரணம், அப்போது கணிதம் தமிழில் நடந்தது. ‘இப்படித்தான் வாசிக்கணும்’ என்று சொல்லித்தர ஒரு ஆசிரியர் இருந்தார்.

*

எக்ஸை அடைப்புக்குறிக்குள் போட்டு எஃப்-ஐ அதற்கு இடது பக்கம் எழுதும் வழக்கம் ஆய்லரிடமிருந்து வருகிறது. 1734-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் அப்படி எழுதினார். அவர் வலது பக்கம் எழுதியிருந்தால் நாம் இன்று வலது பக்கம்தான் எழுதிக்கொண்டிருப்போம். கணிதத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அப்படி எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஐ. என். ஹெர்ஸ்டைன் 1964-ல் வெளியிட்ட ‘டாப்பிக்ஸ் இன் அல்ஜீப்ரா’ இயற்கணிதம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடையே பல தலைமுறையாகப் புழங்கிவரும் புத்தகம். அதில் அவர் சார்பை உறுப்பின் வலது பக்கத்தில் எழுதுகிறார். முதலில் உறுப்பு, பிறகு முதல் சார்பு, பிறகு இரண்டாவது சார்பு. செய்கிற வரிசையில் எழுதிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் வசதி. ‘என் அண்ணனின் நண்பனின் வீடு’ மாதிரியே. 1972-ல் ஹியூலெட் பேக்கர்டு வெளியிட்ட எச்.பி-35 கால்குலேட்டரிலும் முதலில் எண்ணை அழுத்தி, பிறகுதான் என்ன செய்யவேண்டும் என்பதை அழுத்தவேண்டும். எண் முன்னால், வினை பின்னால். தமிழ் வாக்கியத்தின் வரிசையும் அதுதானே.

இதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். “அப்போ நான் செஞ்சது அந்தப் புத்தகத்துல சரியா டீச்சர்?”

சரிதான். ஆனால் எஸ்.பி.எம் தாளை ஹெர்ஸ்டைன் திருத்தப்போவதில்லை என்றேன்.

*

வரிசை எதற்கு இவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜொகூரில் அதற்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. பாலம் இருக்கிறது. 1924-லிருந்து இரண்டு கரையையும் இணைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம்.

அவள் அப்பாவையே கணக்கில் போட்டோம். ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்க, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 மலேசிய வெள்ளி. சாப்பாட்டுக்கு 10 வெள்ளி. இரண்டு சார்புகள். ஒன்று ‘கழி’, பத்தைக் குறைப்பது. மற்றது ‘மாற்று’, மூன்றால் பெருக்குவது. அக்கரையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் முதலில் கழித்து 90, பிறகு மாற்றி 270. இக்கரைக்கு வந்து சாப்பிட்டால் முதலில் மாற்றி 300, பிறகு கழித்து 290. அதே இரண்டு சார்பு, அதே 100. வித்தியாசம் 20 வெள்ளி.

“அதான் எங்கப்பா எவ்வளவு பசிச்சாலும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாரு,” என்றாள்.

இதற்கு மேல் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எஃப்ஜி-யும் ஜிஎஃப்-உம் ஒன்றல்ல என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அவள் வீட்டில் அதைப் பல வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு காரியம் செய்தோம். எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்தோம். ‘3 கூட்டு’ என்பதற்குக் ‘கூ’. ‘வர்க்கமாக்கு’ என்பதற்கு ‘வ’. கூவ(5) என்றால் 28. வகூ(5) என்றால் 64. கூவ என்றால் சேவல் ஞாபகம் வருகிறது என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தாலும் எழுத்துக்குப் பின்னால் ஒரு செயல் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பிடிபட்டது. எஃப் என்பது ஒரு எண் என்றே அதுவரை சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எஃப்ஜி என்றால் எஃப்-ஐயும் ஜி-யையும் பெருக்குவது என்று நினைத்தவனும் ஒருவன் இருந்தான். இரண்டு எழுத்தைப் பக்கத்தில் எழுதினால் பெருக்கல் என்று நாங்கள்தானே படிவம் 1-லிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? அவனையும் குறை சொல்லமுடியாது.

*

ஃபுங்சி குபாஹான் என்ற மலாய்ச் சொல் எனக்குப் பிடிக்கும். ‘குபா’ என்றால் தொடுப்பது, அமைப்பது. பூக்களை அலங்காரமாக அடுக்குவது குபாஹான். பாட்டுக்கு இசையமைப்பதும் குபாஹான். கல்யாணத்தில் சீர்த்தட்டுகளை அழகாகச் செய்து வைப்பதும் குபாஹான்தான். இயற்கணிதத்துக்கு இவ்வளவு வாசனையான ஒரு சொல் வாய்த்திருக்கிறது. பாடம் நடக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. மலாய் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக்கூட, பசாரில் பார்க்கும் குபாஹானும் புத்தகத்தில் இருக்கும் குபாஹானும் ஒரே சொல் என்று படுவதில்லை.

தமிழின் ‘சார்பு’ வேறு வகை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தின் பெயர் ‘உறவுகளும் சார்புகளும்’. முதல் முறை அதைப் பார்த்தபோது ஏதோ குடும்ப நாவலின் தலைப்பு என்று நினைக்கத் தோன்றியது. ஒரு மதிப்பு இன்னொன்றைச் சார்ந்திருப்பதால் சார்பு. இதே சொல் நம் இலக்கணத்தில் எப்போதோ இருந்தது. தொல்காப்பியம் மூன்று எழுத்துகளைச் சார்பெழுத்து என்கிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். வேறு எழுத்துகளைச் சார்ந்தே வருபவை, தனியாக ஒலிக்க முடியாதவை. எஃப் என்று தனியாக எழுதினால் அதற்கு விடை கிடையாது, ஒரு எக்ஸைச் சார்ந்தால்தான் விடை என்பதைச் சொல்ல இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி வைத்தேன். பரீட்சையில் ‘சார்பு’ கேட்கமாட்டார்கள். எழுதினால் மதிப்பெண்ணும் இல்லை. இருந்தும் எழுதி வைத்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள். “டீச்சர், அந்த அண்ணனோட ஃப்ரெண்டு வீடு, அது ஃபுங்சியே இல்லையே. ஒருத்தருக்கு ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேரு இருப்பாங்க. ஒண்ணுக்கு ஒரே ஒரு இமேஜ்தானே இருக்கணும்?”

முதல் அத்தியாயமே புரியவில்லை என்று பள்ளியில் சொல்லப்பட்ட பெண் கேட்ட கேள்வி இது. அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரு உள்ளீட்டுக்கு ஒரே ஒரு விடை இருந்தால்தான் அது சார்பு. ‘அண்ணன்’ சார்பாகாது. சிலருக்கு இரண்டு அண்ணன், சிலருக்கு ஒருவரும் இல்லை. ‘மாமா’வும் ஆகாது.

“அப்ப எது ஆகும்?” என்று திருப்பிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அம்மா. அப்பா. எல்லாருக்கும் ஒருத்தர்தான்.”

பெற்றவர்கள் என்று வைத்துக்கொண்டால் சரிதான். அந்த இரண்டு சார்புகளை வைத்து மீதி மாலை முழுவதும் ஓடியது. என் அம்மாவின் அப்பா ஒரு தாத்தா. என் அப்பாவின் அம்மா ஒரு பாட்டி. வரிசையை மாற்றினால் ஆளே மாறிப்போகிறார். ஒருத்தன் தாத்தா குளுவாங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவனுடைய அப்பாவைப் பெற்ற பாட்டி பட்டணத்தை விட்டு வெளியே வந்ததே இல்லையாம். வரிசையைத் தப்பாகப் போட்டால் பாட்டி மரம் வெட்டப் போய்விடுவார் என்று அவன் சொன்னான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் வரிசையை மறக்கவில்லை.

ஒரு சார்பையே இரண்டு முறை போட்டால்? அம்மாவின் அம்மா. கணிதத்தில் அதை எஃப்-இன் தலைமேல் சின்ன 2 போட்டு எழுதுகிறார்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. அந்த 2 வர்க்கம் இல்லை, ‘இரண்டு முறை செய்’ என்று அர்த்தம். ‘3 கூட்டு’ என்பதை ஐந்துக்கு இரண்டு முறை செய்தால் 11. எட்டின் வர்க்கமான 64 இல்லை. ஆனால் அதே பிள்ளைகள் படிவம் 5-ல் முக்கோணவியலுக்குப் போனால் சைன் தலைமேல் இருக்கும் 2 வர்க்கம்தான். ஒரே பாடம், ஒரே சின்னம், இரண்டு அர்த்தம். பெரியவர்கள் பழகிவிட்டதால் இது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ‘அம்மாவின் அம்மா’ என்று ஒருமுறை சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. பாட்டி அம்மாவின் வர்க்கம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

மூன்றாவது பகுதி ஃபுங்சி சொங்சாங். தலைகீழ்ச் சார்பு. செய்ததைக் கழற்றிக்கொண்டே திரும்பி வருவது. இங்கே வரிசை மறுபடியும் புரளும். வர்க்கமாக்கிவிட்டுப் பிறகு மூன்றைக் கூட்டியிருந்தால், திரும்பி வரும்போது முதலில் மூன்றைக் கழிக்கவேண்டும், பிறகுதான் வர்க்கமூலம். கடைசியாகச் செய்ததை முதலில் கழற்றவேண்டும். வேலைக்குப் போகும்போது முதலில் ஜொகூர் குடிநுழைவு, பிறகு பாலம், பிறகு உட்லண்ட்ஸ் குடிநுழைவு. திரும்பும்போது முதலில் உட்லண்ட்ஸ், பிறகு பாலம், கடைசியில் ஜொகூர். இதை அவர்களுக்கு நான் விளக்கவே இல்லை. அவர்களாகச் சொன்னார்கள்.

இந்தக் கணக்கைச் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்கு என் சொந்த விஷயம் ஒன்று தோன்றும். என்னுள் கணிதம் போன வரிசை தமிழ், பிறகு ஆங்கிலம், பிறகு மலாய். அலுவலகத்தில் கணக்கை ஆங்கிலத்தில் எழுதுகிறேன், மலாயில் பேசுகிறேன். ஆனால் காசை எண்ணும்போது, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தமிழில்தான் எண்ணுகிறேன். முதலில் போட்ட சார்பு எக்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. மற்றதெல்லாம் கழன்ற பிறகுதான் அது கழலும். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். அவளுக்கு ‘சார்பு’ என்ற சொல்லை யாரும் தந்ததில்லை. ஆனாலும் எஃப்ஜி-யை வாசித்தது அவளுடைய தமிழ்தான். சொற்களைத் தராமல் விட்டுவிட்டோம், வாக்கியம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

எல்லாப் பாடத்தையும் தமிழிலேயே நடத்தவேண்டும் என்று சொல்லி இதை முடிக்கமாட்டேன். அவள் எழுதப்போகும் பரீட்சையில் தமிழ் இல்லை, படிக்கப்போகும் பல்கலைக்கழகத்திலும் இல்லை. மலாயில் கணிதம் சொல்லித்தருகிற ஒரு ஆசிரியர், முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டாலே போதும். ஒன்பது தவறும் ஒரே மாதிரி இருந்தால், அந்தத் தவறு எங்கிருந்தோ கற்றுக்கொண்ட ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பார்க்காமல் பாடத்தை விடச் சொல்வது அவசரம்.

ஜூன் விடுமுறைக்கு முந்தைய வாரம் அவள் அம்மா கூப்பிட்டார். அவள் பாடத்தை விடவில்லை. “இவங்கப்பாகிட்ட சொல்லவேண்டிய தேவையே வரல டீச்சர்,” என்றார். பள்ளியில் நடந்த அடுத்த சோதனையில் பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை, தேறியிருக்கிறாள். தாளைக் காட்டினாள். குபாஹான் கணக்கு மூன்று. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில், திருத்துபவருக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, ‘எக்ஸோட ஜியோட எஃப்’ என்று எழுதியிருந்தாள். மூன்றும் சரி.